பந்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைகள்: பி.டி. மாஸ்டர் பதில்கள்

தண்டையார்பேட்டைப் பக்கம் 30 வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். விளையாட்டே பிடிக்காத பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்க தெருவே ஃபுட்பால் ஆடுது சார். என் பையனுக்கு 9 வயசு, வாசப்படி தாண்ட மாட்டேங்கிறான். சோம்பேறியா? (வியாசர்பாடி)

இல்லைம்மா. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடாமல் இருக்கவே தனி தைரியம் வேண்டும். அவனுக்குப் பிடிக்காதது ஓட்டமா, டீம் பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்பதா என்று பாருங்கள். இரண்டு கேப்டன்களை விட்டு ஆள் எடுக்கச் சொல்வது அந்தக் காலத்தில் என் வழக்கம். என் தப்புதான். அப்படிக் கடைசியில் நிற்கும் ஒரு பையனுக்கு பி.டி. பீரியட் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். ஆண்டுவிழாவுக்குப் பறை சொல்லிக்கொடுக்க ஆள் வந்தபோது முதலில் போய் நின்றது அவன்தான். தோளில் பறையை மாட்டி, அடிக்கேற்பக் கால் மாற்றி 20 நிமிடம் ஆடினான். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அது உடற்பயிற்சி என்று அவனிடம் நான் மூச்சு விடவில்லை.

என் பையன் மணிக்கணக்கா கேரம் ஆடறான். அது போதுமா? (புது வண்ணாரப்பேட்டை)

2024 உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா உங்க ஏரியாப் பொண்ணு. கேரமைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதில் மூச்சு வாங்காதே! 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குத்தான். ஒரு போர்டு முடிந்ததும் எல்லோரும் மாடிப்படி ஏறி இறங்கட்டும். தோற்றவன் மட்டும் என்று வைத்துவிடாதீர்கள், தண்டனையாகிவிடும்.

7 வயசுப் பொண்ணு சிலம்பம் கேக்குது. அடிபடாதா? (ராயபுரம்)

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் காலடியும் தனியாகக் கம்பு சுற்றுவதும்தான். கம்பு அவள் நெற்றி உயரம் இருக்கட்டும். அண்ணன் கம்பைக் கொடுத்தால் தரையில் இடித்து, மணிக்கட்டு வலித்து, மறுநாளே வர மாட்டாள்.

பையனுக்கு வீசிங் இருக்கு. ஓட விடலாமா? (எண்ணூர்)

முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் 10 நிமிடம் மெதுவாக ஆரம்பிக்கட்டும், இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கட்டும். புகை நெடி அடிக்கும் நாளில் வீட்டுக்குள்ளேயே ஆடட்டும்.

பொண்ணுக்கு 13 வயசு. வயசுக்கு வந்ததிலிருந்து தெருவுக்கு இறங்கவே கூச்சப்படறா. எங்களுக்கு இருக்கிறதும் ஒரே ரூம். (கொருக்குப்பேட்டை)

கைப்பிடிச் சுவர் உள்ள மொட்டைமாடி இருந்தால் போதும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றோடு ஏறுங்கள். நடுக்கயிற்றை மிதித்துப் பிடித்தால் இரண்டு பிடியும் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. அவளைக் குதிக்கச் சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போகாதீர்கள், நீங்களும் குதியுங்கள். உங்களுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கும், அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.