கேள்வி – பதில்: இறையச்சமும் மனநிறைவும்

கேள்வி: கர்த்தருக்குப் பயப்படுகிறவன் திருப்தியடைந்து நிலைத்திருப்பான் என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் நூல் (19:23) சொல்கிறது. பயம் மனத்தைக் கலங்கடிப்பதாயிற்றே. அதிலிருந்து மனநிறைவு எப்படி வரும்?

பதில்: தேவன் படைத்தவர், நாம் படைக்கப்பட்டவர்கள் என்ற வரம்பை உணர்ந்து, அதற்குள் பணிவோடு வாழ்வதையே எபிரெய ஞானிகள் இறையச்சம் என்று போதித்தார்கள். அந்தப் பணிவு முதலில் அடக்குவது பொறாமையை. பாவிகள்மேல் பொறாமை கொள்ளாமல் நாள்தோறும் கர்த்தருக்குப் பயந்திரு என்று 23:17 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம் உண்டு: அடுத்தவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும் மனத்துக்குத் தன் கையில் உள்ளது ஒருபோதும் போதாது. சஞ்சலத்தோடு கூடிய பெருஞ்செல்வத்தைவிட இறையச்சத்தோடு கூடிய கொஞ்சப் பொருளே மேல் என்று 15:16 கூறுவதும், பகையுள்ள வீட்டின் கொழுத்த எருதுக் கறியைவிட அன்புள்ள வீட்டின் கீரையே நல்லது என்று அடுத்த வசனம் தொடர்வதும் இதனால்தான்.

இதை இன்னும் கூர்மையாகச் சொன்னவர் அதே நூலில் பேசும் ஆகூர் என்ற ஞானி. வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், எனக்குரிய படியை அளந்து தாரும் என்று 30-ஆம் அதிகாரத்தில் அவர் வேண்டுகிறார். வயிறு நிறைந்தால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமை வந்தால் திருடி அவருடைய நாமத்துக்கு இழுக்குத் தேடுவேன் என்பதே அவர் காட்டும் காரணம். தம் சௌகரியத்தைப் பற்றி, வியப்பாக, ஒரு சொல்கூட இல்லை. தேவனோடு உள்ள உறவு கெடாமலிருக்க எவ்வளவு வேண்டுமோ, அதுவே அவருக்குப் போதுமான அளவு.

கேள்வி: அப்படியானால் பக்தியுள்ளவர்களுக்குக் குறைவே வராது என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. தாழ்மைக்கும் இறையச்சத்துக்கும் ஐசுவரியமும் மகிமையும் ஜீவனும் பலன் என்று 22:4 சொல்வது உண்மையே. ஆனால் பழமொழி பொதுவான நடைமுறையைச் சொல்லுமேயன்றி, ஒவ்வொருவருக்கும் எழுதித் தந்த உறுதிப் பத்திரம் ஆகாது. வேதாகமத்தின் யோபு நூலில், குற்றமற்றவராயிருந்தும் பெருந்துன்பம் அடைந்த யோபுவின் நண்பர்கள் அதை உறுதிப் பத்திரமாகவே வாசித்து, துன்பம் வந்ததால் அவரிடம் பாவம் இருந்தே தீரவேண்டும் என்று வாதாடியபோது, தேவனுடைய கோபம் அவர்கள் மேல்தான் மூண்டது.

யோபு பயனேதும் கருதாமலா தேவனுக்குப் பயப்படுகிறார் என்பதே அந்நூலின் முதல் அதிகாரத்தில் சாத்தான் எழுப்பும் கேள்வி. 7,000 ஆடுகளையும் 3,000 ஒட்டகங்களையும் பிள்ளைகளையும் இழந்த யோபு, தாம் பிறந்த நாளைச் சபித்தார், தேவனோடு வழக்காடினார். மனநிறைவு என்றால் வாய் திறவாதிருத்தல் என்று அந்நூல் எங்கும் கற்பிக்கவில்லை. அவர் மனம் அடங்குவது 42-ஆம் அதிகாரத்தின் முதல் 6 வசனங்களில். இழந்ததற்கு இரட்டிப்பாக 14,000 ஆடுகள் வருவது 12-ஆம் வசனத்தில்தான்.