அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பாலியல் கல்வி கட்டாயமா?

ஒரே வரியில் கேட்டால் பதில்: மாநிலத்தைப் பொறுத்தது. நாடு முழுக்கச் செல்லுபடியாகும் சட்டம் எதுவும் கிடையாது, பாடத்திட்டம் மாநிலங்களின் கையில்தான். வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு அதிகபட்சமாகச் செய்யக்கூடியது பணம் கொடுத்துத் தூண்டுவதுதான், 1996 நலத்திட்டச் சட்டத்தில் "திருமணம் வரை காத்திரு" வகைப் பாடத்துக்கு நிதி ஒதுக்கியது அப்படித்தான்.

கலிஃபோர்னியாவில் 2016 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி 7 முதல் 12ஆம் வகுப்புக்குள், நடுநிலைப் பள்ளியில் ஒரு முறை, உயர்நிலையில் ஒரு முறை கட்டாயம் நடத்தியாக வேண்டும். சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியாகவும் இருக்க வேண்டும். (இதைச் சட்டம் போட்டா சொல்லணும் என்று தோன்றும், ஆனால் பல மாநிலங்களில் அந்த நிபந்தனையே இல்லை.)

டெக்சாஸில் கட்டாயம் இல்லை. நடத்தினால் உடலுறவைத் தவிர்ப்பதற்கே முதலிடம் தர வேண்டும்.

என்னைக் கேட்டால், கட்டாயமா இல்லையா என்பதைவிடப் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் படிவம்தான் முக்கியம். கலிஃபோர்னியாவில் பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு விலக்கு, சும்மா இருந்தால் வகுப்பில் உட்காருவான். டெக்சாஸில் 2021 சட்டம் இதை அப்படியே திருப்பிப் போட்டது, கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் வகுப்பு. அதாவது பெற்றோருக்கு எந்த ஆட்சேபமும் இல்லாவிட்டாலும், அந்தத் தாள் புத்தகப் பைக்கு அடியில் கசங்கிக் கிடந்தால் பிள்ளைக்குப் பாடம் கிடையாது. அப்புறம், பாடப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோர் பள்ளியில் தாராளமாகக் கேட்கலாம், இரண்டு மாநிலத்திலும் அந்த உரிமை உண்டு.