பழைய பட அட்டையில் பென்சில் எழுத்து: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (முத்தியால்பேட்டை): சார், புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடற்கரைப் பட அட்டை (பிக்சர் போஸ்ட்கார்டு) ஒன்று வாங்கினேன். பின்பக்கம் யாரோ பென்சிலில் 150 என்று விலை எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ரப்பரால் அழிப்பது?

வெள்ளை வினைல் ரப்பர், ஸ்டெட்லர் கம்பெனி ரப்பர் மாதிரி. பென்சில் தலையில் ஒட்டிவரும் இளஞ்சிவப்பு ரப்பரைத் தொடவே வேண்டாம். பலவற்றில் உரசும் பொடி கலந்திருக்கும், எழுத்தோடு காகிதத்தையும் சுரண்டிவிடும். பென்சில் கோடு என்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான், மை மாதிரி உள்ளே ஊறாது, காகித நார்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் பொறுமையாக எடுத்தால் வருகிறது. முதலில் ரப்பரை வெள்ளைத் தாளில் தேய்த்து அதன் அழுக்கை எடுத்துவிடுங்கள். அட்டையைக் கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் லேசாக இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஓரம் மடங்கிக் கிழியும். துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மெல்லிய பிரஷ் போதும்.

கேள்வி (வில்லியனூர்): எழுத்து போய்விட்டது, ஆனால் சாய்த்துப் பார்த்தால் பள்ளமாகத் தெரிகிறதே அண்ணே?

அது போகாது. எழுதினவர் அழுத்தி எழுதியிருக்கிறார், காகிதம் அமுங்கிவிட்டது. நீராவி காட்டலாம், இஸ்திரி போடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அட்டை அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். நானும் முன்பு புதுச்சேரி ஆயி மண்டபம் படம் போட்ட அட்டை ஒன்றில் பள்ளத்தோடு சண்டை போட்டு, அந்த இடம் மட்டும் பஞ்சு மாதிரி எழும்பி நின்றது. பென்சில் எழுத்தோடு இருந்திருந்தால்கூட விலை போயிருக்கும்.

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பம்): படம் இருக்கிற பக்கத்திலேயே கோடு இருந்தால்?

யோசித்துச் செய்யுங்கள். பளபளப்பான போட்டோ அட்டையில் மேலே இருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சு, தேய்த்தால் கீறல் விழும், அதை எதனாலும் மறைக்க முடியாது. கையால் வண்ணம் தீட்டியதென்றால் நிறமே ரப்பரோடு வந்துவிடும். பளபளப்பில்லாத அச்சு அட்டையில் மட்டும், பிசைகிற ரப்பரை (ஓவியர்கள் வைத்திருக்கும், மாவு மாதிரி மெத்தென்ற ரப்பர்) உருட்டி ஒற்றி ஒற்றி எடுத்துப் பார்க்கலாம், தேய்க்கக் கூடாது. வானம் இருக்கிற பகுதியில் கோடு இருந்தால் விட்டுவிடுவது உத்தமம், அங்கே சின்ன வெளுப்புகூடத் தனியாகத் தெரியும்.

கேள்வி (அரியாங்குப்பம்): தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், எழுத்து ஊதாவாகிவிட்டது!

ஐயோ. அது காப்பியிங் பென்சில். அதில் சாயம் கலந்திருக்கும், காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சில் மாதிரியே இருக்கும், ஈரம் பட்டதும் ஊதா மை. இனி தண்ணீரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம், அப்படியே காய விடுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், கிராஃபைட் தண்ணீரில் கரையவே கரையாது, பின் எதற்குத் தண்ணீர்?

கேள்வி (லாஸ்பேட்டை): எப்போது செய்வது நல்லது?

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்டது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஈரம் குடித்து மெத்தென்று இருக்கும், நார் சுலபமாக எழும்பும். மாசி, பங்குனியில் காய்ந்த பகலில் உட்காருங்கள். கை கழுவித் துடைத்துவிட்டு.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): எங்கள் பாட்டி ரொட்டித் துண்டால் அழிப்பார்களாம், உண்மையா?

உண்மைதான், ரப்பர் வருவதற்கு முன் ரொட்டிதான் ரப்பர். ஆனால் எண்ணெய்ப் பசையும் துணுக்கும் தங்கும், நம் ஊரில் எறும்புக்கும் பூச்சிக்கும் விருந்து.

கேள்வி (உப்பளம்): எல்லா எழுத்தையும் அழித்துவிடலாமா சார்?

கூடாது. கடைக்காரர் விலையை அழியுங்கள். அட்டையை அனுப்பினவர் எழுதிய வரி, தேதி, ஊர்ப்பெயர் என்றால் அதுவும் அட்டையின் சரித்திரம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்த 1954 நவம்பர் 1-க்கு முந்தைய பிரெஞ்சிந்தியத் தபால்தலை ஒட்டிய அட்டையில் ‘மழை நிற்கவில்லை’ என்று ஒரு வரி இருந்தால் எனக்கு அந்த வரியும் வேண்டும். எதுவானாலும் முதலில் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அழித்த அட்டையை விற்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ரப்பரையும் ஆல்பத்தோடு ஒரே பெட்டியில் வைக்கலாமா?

வேண்டாம். வினைல் ரப்பர் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் பழைய ரப்பர் ஸ்கேலோடு உருகிக் கிடப்பதைப் பார்த்ததில்லையா? அதேதான்.