டேட்டாபேஸ் சர்வருக்கு வெளியிலிருந்து இணைப்பு: கேள்வி-பதில்

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நிறுவிய உபுண்டு (லினக்ஸ்) கணினியிலேயே உட்கார்ந்து இணைத்தால் வேலை செய்கிறது. பக்கத்துக் கணினியிலிருந்து போனால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்கிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றியாயிற்று.

பதில்: பாஸ்வேர்டைத் தொடாதீர்கள், பேச்சு அந்த அளவுக்குப் போகவே இல்லை. மறுப்பு உடனே வருகிறதென்றால் பெரும்பாலும் அந்த முகவரியில் 3306 போர்ட்டில், அதாவது மைஎஸ்க்யூஎல்லின் கதவு எண்ணில், யாரும் காத்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். உபுண்டு தொகுப்பில் பைண்ட்-அட்ரஸ் என்ற அமைப்பு 127.0.0.1 என்று இருக்கும். தன் கணினிக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதை சர்வரின் உள்வலை முகவரிக்கு, உதாரணமாக 192.168.1.20 என்று மாற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 0.0.0.0 என்று போட்டால் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் திறந்துகொள்ளும். தேவையில்லாமல் போட வேண்டாம்.

மாற்றம் ஏறியதா என்று, எந்தப் போர்ட் எந்த முகவரியில் காத்திருக்கிறது எனக் காட்டும் எஸ்எஸ் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். 3306 இருக்கும் வரியில் புது முகவரி தெரிய வேண்டும். கீழேயே 33060 என்று இன்னொரு வரி 127.0.0.1-இலேயே நிற்கும். அது மைஎஸ்க்யூஎல்லோடு பேசும் இன்னொரு முறையான எக்ஸ் புரோட்டோகாலின் போர்ட், அதற்குத் தனி அமைப்பு. அவசரத்தில் ஒரு சைபரைக் கவனிக்காமல் 'மாற்றியும் மாறவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: எனக்கு மறுப்பும் வரவில்லை. ரொம்ப நேரம் சுற்றிவிட்டு 'டைம்அவுட்' என்கிறது.

பதில்: ஃபயர்வால். வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். கிளவுட் சர்வர் என்றால் உள்ளே இருக்கும் ஃபயர்வாலோடு கிளவுட் பக்கத்தில் செக்யூரிட்டி குரூப் என்ற இன்னொரு ஃபயர்வாலும் இருக்கும், இரண்டிலும் பாருங்கள். உங்கள் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும்.

கேள்வி: இணைப்பு போகிறது, ஆனால் 1130 என்ற பிழை. அந்த யூசருக்கு எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறேனே?

பதில்: மைஎஸ்க்யூஎல்லில் யூசர் என்பது பெயர் மட்டுமல்ல, பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் 'கணக்கு' என்ற யூசரும் 192.168.1.35-இலிருந்து வரும் 'கணக்கு' என்ற யூசரும் அதற்கு இரண்டு வேறு ஆட்கள். 1130 வந்தால் அந்த முகவரிக்குப் பொருந்தும் யூசர் ஒருவர்கூட இல்லை. 1045 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு, அல்லது அந்தப் பெயருக்கு அந்த முகவரி பொருந்தவில்லை. 192.168.1.% என்று முகவரி கொடுத்துப் புதிதாக யூசரை உருவாக்குங்கள். பதிப்பு 8 முதல் உரிமை கொடுக்கும் கட்டளை யூசரைத் தானாக உருவாக்காது. முதலில் ஆள், பிறகு உரிமை.

பிழைச் செய்தியில் வரும் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை என் கணினியின் முகவரிக்கு அனுமதி எழுதிவிட்டு அரை நாள் முழித்தேன். நடுவில் ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. சர்வர் பார்த்தது ரவுட்டரை. அதைச் செய்தியிலேயே சொல்லியும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

கேள்வி: நான் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதில் எந்த முகவரிகளில் காத்திருப்பது என்று சொல்லும் லிசன்-அட்ரஸஸ் அமைப்பில் நட்சத்திரக்குறி போட்டுவிட்டேன். இன்னும் விடமாட்டேன் என்கிறது.

பதில்: அது காதைத் திறப்பது மட்டும்தான். யாரை உள்ளே விடுவது என்பது பிஜி-எச்பிஏ கோப்பில். அதில் எந்த டேட்டாபேஸ், எந்த யூசர், எந்த முகவரி, எந்த முறை என்று ஒரு வரி எழுதுங்கள், முறைக்கு ஸ்க்ராம்-எஸ்எச்ஏ-256 என்ற பாஸ்வேர்ட் சரிபார்ப்பு. வரிகளை மேலிருந்து பார்த்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். மேலே அதே முகவரிக்கு 'ரிஜெக்ட்' இருந்தால் கீழே நீங்கள் எழுதியதை எட்டிக்கூடப் பார்க்காது. இந்தக் கோப்பை மாற்றினால் ரீலோட் போதும். லிசன்-அட்ரஸஸை மாற்றினால் ரீஸ்டார்ட் கட்டாயம்.

கேள்வி: வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டும், முகவரி அடிக்கடி மாறுகிறது. உலகத்துக்கே திறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 2017 தொடக்கத்தில், பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். உங்களிடம் பாஸ்வேர்ட் இருக்கலாம். ஆனால் திறந்த போர்ட்டை ஓயாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அதையும் விடாமல் முயலும்.

பைண்ட்-அட்ரஸை 127.0.0.1-இலேயே விட்டுவிட்டு எஸ்எஸ்எச் டனல், அதாவது சர்வருக்குப் பாதுகாப்பான ஒரு சுரங்கப்பாதை, போடுங்கள்: உங்கள் கணினியின் 3307 போர்ட்டை சர்வரின் 127.0.0.1:3306-உடன் இணைத்துவிட்டால், மைஎஸ்க்யூஎல் பார்வையில் நீங்கள் உள்ளூர் ஆள். இணைக்கும்போது மட்டும் லோக்கல்ஹோஸ்ட் என்று தராமல் 127.0.0.1 என்றே கொடுங்கள். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் வலையை விட்டுவிட்டு ஒரே கணினிக்குள் பேசிக்கொள்ளப் பயன்படும் சாக்கெட் கோப்பைத் தேடிப் போய்விடும்.