மேலிடத்து உத்தரவு இல்லாமல் அஜைல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் ஒரு சிறிய குழுவில் புரோகிராமராகப் பணிபுரிகிறேன். தேவைகள் அனைத்தையும் முதலில் எழுதி ஒப்புதல் பெற்று, வடிவமைத்து, நிரல் எழுதி, கடைசியில் சோதிப்பதே எங்கள் நிறுவனத்தின் வழக்கம். மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, அடிக்கடி பயனாளரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறைக்கு மாற ஆசைப்படுகிறேன். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் நான் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கைக்கு எட்டும் இடத்திலிருந்து, அதாவது நீங்கள் அன்றாடம் எழுதும் நிரலிலிருந்து தொடங்குங்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கை, மென்பொருள் உருவாக்கத்தின் மேலான வழிகளைத் தாங்களே அதைச் செய்தும், பிறர் செய்வதற்கு உதவியும் கண்டறிந்து வருவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. செய்வது முன்னால் வருகிறது, பரப்புவது அதன் பின்னால் வருகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொண்டு, தன் நிரலில் ஒரு டெஸ்ட் (நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் சிறு நிரல்) கூட இல்லாத நிலையில் கூட்டத்துக்குக் கூட்டம் அஜைலைப் பற்றிப் பேசுபவரின் சொல் எடுபடாது.

டெஸ்டை முதலில் எழுதும் பழக்கத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நூலக மென்பொருள் ஒன்றில், தாமதமாகத் திரும்பும் புத்தகத்துக்கு அபராதம் கணக்கிடும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தவணைத் தேதியன்றே புத்தகம் திரும்பினால் அபராதம் பூஜ்யம் என்று முதலில் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஃபங்ஷனே இன்னும் இல்லாததால் அது சிவப்பு காட்டும், அதாவது தோற்கும். அதைப் பச்சையாக்கத் தேவையான அளவுக்கு மட்டும் நிரல் எழுதுங்கள். பிறகு எழுதியதைச் சீர்படுத்துங்கள். அடுத்து, ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு டெஸ்ட். தவணைத் தேதி நூலகத்தின் விடுமுறை நாளாக இருந்தால் என்ன செய்வது என்ற மூன்றாவது டெஸ்டை எழுத உட்காரும்போதுதான், தேவை ஆவணத்தில் அதற்கு விடையே இல்லை என்பது தெரியவரும். அன்றைக்கே பயனாளரிடம் கேட்டுவிடலாம். உங்கள் நிறுவனத்தின் இப்போதைய வழக்கப்படி, இதே கேள்வி பல மாதங்கள் கழித்து, சோதனைக் கட்டத்தில், ஒரு பிழை அறிக்கையாக வந்து நிற்கும். அதற்குள் அபராதக் கணக்கை நம்பி வேறு பல பகுதிகள் எழுதப்பட்டிருக்கும்.

இத்துடன், எழுதியதை வாரக்கணக்கில் தனிப் பிராஞ்சில் (உங்களுக்கென்று வைத்திருக்கும் நிரலின் தனிப் பிரதியில்) வைத்துக்கொள்ளாமல், நாளுக்கு ஒரு முறையாவது குழுவின் பொதுப் பிராஞ்சில் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, முழுமையடையாவிட்டாலும் இயங்குகிற ஒரு பகுதியை, அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவருக்கு அரை மணி நேரம் காட்டுங்கள். அவர் பொத்தானை எங்கே தேடுகிறார், எந்த இடத்தில் தயங்குகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், எவ்வளவு நீண்ட ஆவணமும் சொல்லாத செய்தி உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் பகுதியில் பிழைகள் குறைவதையும் பயனாளர் உங்களைத் தேடி வருவதையும் பார்த்து, எப்படிச் செய்கிறீர்கள் என்று சக பணியாளர் ஒருவர் கேட்பார். அவருக்கு விளக்கும்போது நீங்கள் செய்வதுதான் அஜைலின் உண்மையான பரப்புரை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எல்லாவற்றையும் முதலில் எழுதி, கடைசியில் சோதிக்கும் பழைய முறைதான் ஆராய்ந்து நிறுவப்பட்டது என்றும், அஜைல் என்பது ஆவணமே எழுதாமல் இருப்பதற்கான சாக்கு என்றும் எங்கள் மேலாளர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: வாட்டர்ஃபால் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தப் படிநிலை முறையை விளக்கும் புகழ்பெற்ற படம், மென்பொருள் பொறியாளர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஆனால், சோதனை கடைசியில் வருவதால் அந்த வடிவம் ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று எச்சரித்தவரும் அவரே. ஆவணங்களைப் பொறுத்தவரை, விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளுக்கு அதிக மதிப்புத் தருவதாகத்தான் அஜைல் அறிக்கை சொல்கிறது. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. இதை வாதமாக முன்வைக்காமல், எந்த ஆவணத்தை யார் படிக்கிறார்கள் என்று மேலாளருடன் உட்கார்ந்து பாருங்கள். படிக்க ஆள் இருக்கும் ஆவணத்தைத் தொடர்ந்து நன்றாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் குழு அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் முறைக்கு மாறிவிட்டது. ஆனால் தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டம் முக்கால் மணி நேரம் நீள்கிறது. ஒவ்வொருவரும் மேலாளரிடம் கணக்கு ஒப்பிக்கிறோம். ஸ்பிரின்டுக்கு ஸ்பிரின்ட் (சில வாரங்கள் கொண்ட ஒவ்வொரு வேலைச் சுற்றிலும்) வேலையும் மெதுவாகிக்கொண்டே போகிறது. எங்கே தவறு?

பதில்: இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். ஸ்க்ரம் வழிகாட்டி என்ற ஆவணம் அந்தக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான் தருகிறது. அது மென்பொருளை உருவாக்குபவர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. நீங்கள் பேசும் முறையை நாளையே மாற்றலாம். “நேற்று ரிப்போர்ட் பக்கம் செய்தேன், இன்றும் அதுதான்” என்பதற்குப் பதிலாக, “ரிப்போர்ட் பக்கம் ஓடுகிறது, தரவு அதிகமானால் நின்றுவிடுகிறது, டேட்டாபேஸ் தெரிந்தவர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னுடன் உட்கார முடியுமா?” என்று சக பணியாளர்களைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டதற்கு ஒருவர் கை தூக்கிவிட்டால், கூட்டத்தின் போக்கு அந்த இடத்திலேயே மாறத் தொடங்கிவிடும்.

வேகம் குறைவதுதான் பெரிய நோய். ஸ்பிரின்ட், பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), ரெட்ரோஸ்பெக்டிவ் (ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, டெஸ்ட், சீரமைப்பு, தொடர் ஒருங்கிணைப்பு (எழுதியதை அடிக்கடி பொது நிரலுடன் இணைப்பது) ஆகியவற்றை விட்டுவிட்ட குழுக்களுக்கு இதுவே நேர்கிறது. ஸ்க்ரம் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டகம் மட்டுமே. நிரலை எப்படி எழுதுவது என்று அது சொல்வதில்லை. 1990-களின் பிற்பகுதியில் புரோகிராமர் கென்ட் பெக் முதலானோர் வளர்த்தெடுத்த, நிரல் எழுதும் பழக்கங்களை வலியுறுத்தும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறைதான் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. அவசரத்தில் அரைகுறையாக எழுதிய நிரலைக் கடனுக்கு ஒப்பிட்டு புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-லேயே விளக்கியிருக்கிறார்: அதைத் திருத்தி எழுதாதவரை, அதன்மேல் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் வட்டியாகப் போகிறது. உங்கள் குழு இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு ஸ்பிரின்ட் கேட்டுப் போராட வேண்டாம்; கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பாதியில் பிடுங்கப்படும். எந்த ஃபைலைத் தொட நேர்கிறதோ அதற்கு ஒரு டெஸ்ட் சேர்த்து, ஒரு பெயரையோ நீண்ட ஃபங்ஷனையோ சரிசெய்துவிட்டு வெளியே வாருங்கள். வேலைக்கு மதிப்பிடும்போதே இந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவின் ஸ்டோரி பாயின்ட் மற்ற குழுவைவிடக் குறைவு என்று கடிந்துகொள்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு குழு தன் வேலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தனக்காக வைத்துக்கொள்ளும் மதிப்பீடு. ஒரு குழுவின் மூன்றும் இன்னொரு குழுவின் மூன்றும் ஒரே அளவல்ல. ஒப்பிட்டுக் கடிந்துகொண்டால், அடுத்த மாதமே எல்லா வேலைகளுக்கும் மதிப்பு ஏறிவிடும். வேலை மட்டும் அதே அளவில் இருக்கும். அடுத்த முறை கேட்கும்போது, அந்த ஸ்பிரின்டில் பயனாளர் கைக்குப் போய்ச் சேர்ந்த வசதிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதைப் பற்றிப் பேச அழையுங்கள்.