சாம்பல் பெண்ணும் வேட்டைக்காரியும்: டீச்சரிடம் சில கேள்விகள்

கும்பகோணத்தில் இந்த மாதம் நாங்கள் சேர்ந்து படித்தது மாலிண்டா லோ 2009-இல் வெளியிட்ட ‘ஆஷ்’ என்ற ஆங்கில நாவல். (ஆஷ் என்றதும் மணியாச்சியில் சுடப்பட்ட கலெக்டரை நினைக்க வேண்டாம். இந்த ஆஷ் சாம்பல்.) சிண்டரெல்லா கதைதான். ஆனால் இதில் அந்தப் பெண்ணின் மனம் இளவரசனிடம் போகவில்லை, அரசனின் வேட்டைத் தலைவி கைசாவிடம் போகிறது. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

டீச்சர், உலகத்துக்கே தெரிந்த கதையை இப்படி மாற்றினால் மூலத்தைக் கெடுத்ததாகாதா? (மன்னார்குடி)

எது மூலம்? கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் 1697-இல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதிய கதையில் வருபவை. 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டதில் பூசணிக்காயும் இல்லை, தேவதையும் இல்லை. தாயின் சமாதியில் வளர்ந்த மரம்தான் உதவுகிறது. செருப்புக்குள் காலை நுழைக்க ஒருத்தி கால்விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். அதற்கெல்லாம் எண்ணூறு ஆண்டுகள் முன்பே சீனாவில் எழுதப்பட்ட கதையில் மீன் எலும்புகள் வரம் தருகின்றன.

அவ்வளவு தூரம் எதற்கு? மாயவரத்துக்குப் பக்கத்துத் தேரழுந்தூர்க்காரர் என்ன செய்தார்? மிதிலையில் கன்னிமாடத்தில் நின்ற சீதையும் தெருவில் நடந்த ராமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வால்மீகியில் கிடையாது. அங்கே வில் முறிந்தது, பெண்ணைக் கொடுத்தார்கள், முடிந்தது. கம்பருக்கு அது போதவில்லை. வில்லுக்கு முன்னால் அவளுடைய விருப்பத்தை வைத்தார். இந்த நாவலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. செருப்பு யாருக்குப் பொருந்துகிறது என்று ஊர் முழுக்கத் தேடிய கதையில், உனக்கு யார் பிடித்திருக்கிறார் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. லோ கேட்டார். அவள் சொன்ன பதில் நாம் எதிர்பார்த்ததாக இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள், ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நம்பும்படியாக இல்லையே? (திருவாரூர்)

தம்பி, பூசணிக்காய் வண்டியானதை நம்பினீர்கள் அல்லவா? அந்த நாட்டில் பெண் பெண்ணை விரும்புவது செய்தியே இல்லை என்று ஆசிரியர் முடிவெடுத்துத்தான் எழுதியிருக்கிறார். கண்ணீரும் பஞ்சாயத்தும் இல்லாமல் காதல் மெல்ல வளர அதனால் இடம் கிடைக்கிறது. காட்டு வழியில் சந்திப்பது, குதிரையேறப் பழகுவது, ஒருவருக்கொருவர் கதை சொல்வது என்றே அது நகர்கிறது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காட்டில் வாழும் மாய இனத்தான் ஒருவன் அவள் கேட்பதையெல்லாம் கொடுக்கிறான். இலவசமாக இல்லை, விலை அவளேதான். குறுவைக்கு நகையை அடகு வைத்துவிட்டுத் தண்ணீர் வருமா என்று மேட்டூரைப் பார்த்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகவே உறைக்கும். கடனை எப்படித் தீர்க்கிறாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அந்த முடிவு எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் பட்டது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆங்கிலம் கடினமா? (பாபநாசம்)

இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துவிடலாம். முதல் பகுதி முழுக்கத் துக்கம், மெதுவாகத்தான் நகரும். கைசா வரும்வரை பொறுங்கள்.

‘க்வியர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? (திருவையாறு)

பாலினத்திலோ காதலிலோ வழக்கமான ஆண்-பெண் அச்சுக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் சொல் அது. தமிழில் பால்புதுமையினர் என்ற சொல் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. தன் பாலினத்தவரையே விரும்புவதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். நாவல் அவளுக்கு எந்தப் பெயரும் சூட்டவில்லை.

பதினாறு வயது மகள் இதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். வாங்கி வைத்துவிடட்டுமா, டீச்சர்? (சீர்காழி)

வேண்டாம் அம்மா. ஒரு புத்தகத்தைப் படிக்கிறாள் என்பதற்காக அவள் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். அப்படியே இருந்தாலும் அது நோயில்லை. குற்றமும் இல்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஊரில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. சீர்காழிக்காரரான உங்களுக்கு இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நானும் ஒருமுறை வாங்கி வைத்தவள்தான். பத்தாம் வகுப்பில் ஒரு பெண் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து நாவல் படித்தாள். பிடுங்கி என் மேசை அறையில் பூட்டினேன். ஆண்டு இறுதியில் திருப்பிக் கொடுத்தபோது, “முடிவைத் தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் டீச்சர்” என்றாள். அதற்கு முன்பெல்லாம் வாரம் ஒரு புத்தகம் என்னிடம் கேட்டு வாங்கிப் போனவள், பிறகு கேட்கவே இல்லை.

நீங்கள் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அவள் முடித்த பிறகு, படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு வாங்குங்கள்.