யூட் ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி விரிசல் விட்டதற்குப் பதில்

வணக்கம். பழைய யூட்டின் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி, தண்ணீரில் முக்கியதும் 'டிங்' என்று சத்தம் போட்டு வாயிலிருந்து விரிசல் விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இனிக் காப்பாற்ற முடியாது. வெல்டிங் வைத்தும் பயன்படுத்தாதீர்கள்.

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். இந்த எஃகுக்கு எண்ணெய்தான் சரி. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் கனோலா சமையல் எண்ணெய் போதும், 55 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முக்குவதற்கு முன் வாயை மெலிதாகத் தீட்டிவிடாமல் 1 மி.மீ. கனமாவது விடுங்கள். அடித்து முடித்ததும் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆறவிடுங்கள், மூன்று முறை. இதைத்தான் பலரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் காந்தம் ஒட்டாத அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, நுனி முதலில் இறங்கும்படி நேராக முக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளைந்துவிடும். அரம் கடிக்காமல் வழுக்கினால் பதம் ஏறிவிட்டது. உடனே வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள், இரண்டு தடவை.

பழைய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்கெனவே இருக்கலாம். அதனால் அடுத்த கத்திக்கு 1075 என்ற வகை எஃகில் புதுப் பட்டை வாங்குங்கள்; ஆஸ்திரேலியாவில் எளிதாகக் கிடைக்கிறது. விக்டோரியாவில் இருப்பதால் இன்னொன்று: டோட்டல் ஃபயர் பேன் (வெளியில் தீ மூட்டத் தடை) அறிவித்த நாளில் வெளியில் கரி உலை மூட்டவே மூட்டாதீர்கள்.